சிவப்புத் துணியும் ஆறு மரக்கைகளும்

1847 மே 8. அமெரிக்காவின் நெப்ராஸ்கா சமவெளியில், புது இடத்தில் குடியேற மேற்கே நகர்ந்த மார்மன் என்ற சமயக் குழுவினரின் வண்டிகளில் ஒன்றின் ஆரக்காலில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. பக்கத்திலேயே நடந்துவந்த வில்லியம் கிளேட்டன், துணி ஒரு சுற்று வரும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தார். பொழுது சாய்கையில் கணக்கு 4,070.

அந்தச் சக்கரத்தின் சுற்றளவு 14 அடி 8 அங்குலம். 360 சுற்றுக்கு 5,280 அடி, பிசிறில்லாமல் ஒரு மைல். ஆக அன்று நடந்தது பதினொன்றேகால் மைல், மேலே 20 சுற்று. மற்றவர்களோ பதின்மூன்று, பதினான்கு மைல் என்று மதிப்புப் போட்டிருந்தார்கள். களைத்த கால்கள் எப்போதும் கூட்டித்தானே சொல்லும்!

நாள் முழுக்க எண்ணினால் யாருக்கும் தலை சுற்றும். கணிதத்தில் தேர்ந்த ஆர்சன் பிராட் வழி சொல்ல, தச்சர் ஆப்பிள்டன் ஹார்மன் மரத்திலேயே ஒரு கருவி செய்தார்.

சக்கரக் குடத்தில் ஒரே ஒரு பல். அருகே சாய்வாக நிற்கும் ஒன்றரை அடித் தண்டில் ஆறு கைகள். சக்கரம் ஒருமுறை சுற்றினால் பல் ஒரு கையைத் தள்ளும். ஆறு சுற்றுக்குத் தண்டு ஒருமுறை திரும்பும். தண்டின் மேல்முனையில் திருகுமரை. தண்டு ஒரு முறை திரும்பினால், மரையோடு பொருந்திய 60 பல் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். 6 × 60 = 360; அந்தச் சக்கரம் முழுதாகச் சுற்றினால் ஒரு மைல். அதன் அச்சில் வெட்டிய நான்கு பற்கள் 40 பல் சக்கரத்தை ஓட்டும். இதில் ஒரு பல் கால் மைல், முழுச் சுற்று பத்து மைல். இங்கே திருகுதான் சாமர்த்தியம்: அது பற்சக்கரத்தைத் தள்ளும், பற்சக்கரத்தால் அதைத் திருப்பித் தள்ள முடியாது. மேடுபள்ளத்தில் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் கணக்கு தானாகப் பின்வாங்காது. வண்டியையே பின்னுக்கு ஓட்டினால்தான் கணக்கும் பின்னால் போகும். அது நியாயம்தான்.

கருவி தன் கண்டுபிடிப்பு என்று ஹார்மன் சொல்லித் திரிகிறார் எனக் கிளேட்டன் நாட்குறிப்பில் பொருமியிருக்கிறார்.

அந்த முதல் கூட்டத்தில் பெண்கள் மூவர், குழந்தைகள் இருவர் மட்டுமே. மற்ற 143 பேரும் ஆண்கள். குடும்பங்கள் பின்னால்தான் வரவேண்டும். அவர்களுக்காகக் கிளேட்டன் 1848-இல் செயின்ட் லூயிஸில் ஒரு வழிகாட்டி நூலை அச்சிட்டார். மிசௌரி ஆற்றங்கரையின் குளிர்கால முகாமிலிருந்து அவர்கள் குடியேறிய சால்ட் லேக் வரை 1,031 மைல். அடுத்த ஓடைக்கு எத்தனை மைல், எங்கே முகாம் போடலாம், எங்கே விறகு கிடைக்காது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருந்தன.