முன்பதிவு இல்லாத வன முகாம்: இடம் யாருக்கு, கட்டணம் எப்போது?

அமெரிக்காவில் 154 தேசிய வனங்கள் இருக்கின்றன. இவற்றைப் பார்த்துக்கொள்வது வேளாண் துறையின் கீழ் இயங்கும் ஃபாரஸ்ட் சர்வீஸ். தேசியப் பூங்காக்கள் வேறு துறை, வேறு விதிகள். வனங்களில் உள்ள பெரிய கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றுக்கு ஆன்லைனில் முன்பே பதிவு செய்ய வேண்டும். ஆனால் மண் சாலையின் கோடியில் நாலைந்து கூடார இடங்களோடு கிடக்கும் சின்ன முகாம்கள் பலவற்றில் பதிவே கிடையாது. முதலில் வருபவருக்கு இடம், அவ்வளவுதான்.

'வருவது' என்றால் ஆள் வருவது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பது போல, காலையில் ஒரு டென்ட்டை அடித்து வைத்துவிட்டு நகரத்துக்குத் திரும்பிவிட முடியாது. அடித்த முதல் இரவு குறைந்தது ஒருவராவது அங்கே தங்கியாக வேண்டும் என்கிறது கூட்டாட்சி விதி. அதன் பிறகும் அனுமதியில்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் பொருட்களை ஆளில்லாமல் விடக்கூடாது. வெள்ளிக்கிழமை வரப்போகும் நண்பர்களுக்காகப் புதன்கிழமையே வெற்றுக் கூடாரம் போட்டு வைப்பது நிறையப் பேர் செய்கிற வேலைதான், ஆனாலும் விதிமீறல்தான்.

கட்டணம் வாங்கும் முகாம் என்றால் நுழைவில் அறிவிப்புப் பலகையும் பக்கத்தில் கனத்த இரும்புக் குழாய்ப் பெட்டியும் நிற்கும். 'அயர்ன் ரேஞ்சர்' என்பார்கள். அங்கே கிடைக்கும் உறையில் பெயர், கார் எண், தேதி, சைட் (கூடார இடம்) எண் எழுதி, பணத்தையோ காசோலையையோ உள்ளே வைத்துப் பெட்டியில் போட வேண்டும். உறையிலிருந்து கிழித்தெடுத்த துண்டுச் சீட்டைச் சைட் கம்பத்திலோ கார் கண்ணாடிக்கு உள்ளேயோ தெரியும்படி வைக்க வேண்டும். கம்பத்தில் இன்றைய தேதியோடு சீட்டு இருந்தால் அந்த இடம் போய்விட்டது என்று பொருள். பெட்டி மீதிச் சில்லறை தராது, சிக்னலும் பல இடங்களில் இருக்காது. சில்லறை நோட்டுகளோடு போங்கள்.

சில முகாம்கள் ஏன் இலவசம்? 2004-இல் வந்த சட்டம் ஒன்று ஒன்பது வசதிகளைப் பட்டியலிடுகிறது: கூடார இடம், மேசை, குடிநீர், சாலை, ஆள் வைத்துக் கட்டண வசூல், பாதுகாப்பு ஏற்பாடு, குப்பைத்தொட்டி, கழிப்பறை, நெருப்பு வளையம். இவற்றில் பெரும்பான்மை, அதாவது குறைந்தது ஐந்து வசதிகள் இருந்தால்தான் முகாம் கட்டணம் வாங்கலாம். குடிநீரும் குப்பைத்தொட்டியும் இல்லாத இடத்தில் பணம் கேட்காததற்குத் தாராள மனசு காரணமில்லை. அங்கே தண்ணீரை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், குப்பையை நீங்கள்தான் திருப்பி எடுத்துவர வேண்டும். கழிப்பறை இருந்தாலும் ஃப்ளஷ் இல்லாத குழிக் கழிப்பறைதான். காகிதம் தீர்ந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் வரம்பு பெரும்பாலும் 14 நாள், ஆனால் வனத்துக்கு வனம் மாறும். நாயை ஆறடிக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் பழைய தகவலை நம்பவே கூடாது. வறண்ட மாதங்களில் தடை வாரத்துக்கு வாரம் மாறும். முதல் கட்டத் தடையில் பொதுவாக முகாமின் இரும்பு வளையத்துக்குள் மட்டும் மூட்டலாம். இரண்டாம் கட்டத்தில் அதுவும் கிடையாது. கிளம்பும் முன் அந்தப் பகுதி ரேஞ்சர் (வன அதிகாரி) அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். சாலை திறந்திருக்கிறதா, கரடிக்கு எட்டாமல் உணவை வைக்கும் ஆணை இருக்கிறதா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம்.

முகாம் நிரம்பியிருந்தால்? தங்கத் தடை போடாத பகுதிகளில் முகாமுக்கு வெளியே காட்டிலேயே இலவசமாகத் தங்கலாம். எந்தச் சாலையோரம் அனுமதி என்பதையும் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேசியப் பூங்காக்களுக்கும் வனங்களுக்கும் நுழைவுக்காக வாங்கும் வழக்கமான ஆண்டுப் பாஸ் முகாம் கட்டணத்தை ஈடுகட்டாது. 62 வயது நிரம்பிய குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்குமான சீனியர் பாஸ், நிரந்தர ஊனமுள்ளவர்களுக்கான இலவச ஆக்சஸ் பாஸ் இரண்டுக்கும் பல முகாம்களில் பாதிக் கட்டணம்தான். பாஸ் எண்ணை உறையில் எழுதிவிட்டுப் பாதித் தொகையைப் போட்டால் போதும்.