சக்கர் மீனின் முதுகில் எத்தனை கதிர்?

ஒரு வாசகர் நான்கு படங்கள் அனுப்பியிருந்தார். தொட்டியில் பாசி தின்னும் என்று சொல்லி விரல் நீளத்தில் வாங்கிய சக்கர் மீன் இரண்டே வருஷத்தில் ஒரு சாணைத் தாண்டிவிட்டதாம். பெரிய தொட்டிக்கு மாற்றலாம் என்று வலையில் பிடித்தால் வலையோடு சிக்கிக்கொண்டு 'கிர்ர் கிர்ர்' என்று சத்தம் போடுகிறதாம். இது என்ன இனம், ஏன் கத்துகிறது என்று கேட்கிறார். நல்ல கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில், அதன் துடுப்பு எலும்புகளில் இருக்கிறது.

சக்கர் மீனும் ஒரு கெளுத்திதான். மீசை இருந்து செதில் இல்லாவிட்டால் அது கெளுத்தி வரிசை என்று பெரும்பாலும் நம்பலாம். இந்த வரிசையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சிலவற்றுக்கு வெறும் தோல், சிலவற்றுக்கு எலும்புத் தகடுகளால் ஆன கவசம். பலரும் அடுத்ததாக நிறத்தைப் பார்க்கிறார்கள், அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது. பயந்தால் நிறம் வெளிறும், இரவில் மாறும், வயதானால் புள்ளிகள் கலைந்துபோகும், போதாததற்கு ஒரே இனத்தில் வெள்ளை, மஞ்சள் என்று வளர்ப்பு ரகங்கள் வேறு. எலும்பு அப்படி மாறாது.

சீக்கிரமாகச் சில அடையாளங்கள். பக்கவாட்டில் இரண்டே வரிசைத் தகடுகள், குட்டையான மீசை, கூட்டமாக மணலைக் கிளறும் பழக்கம் என்றால் கோரி. கீழ்த்தாடை மீசை கிளைகிளையாகப் பிரிந்திருந்தால் ஆப்பிரிக்காவின் சைனோடான்டிஸ், தலைகீழாக நீந்தும் கெளுத்தி இந்தப் பேரினம்தான். மீசை வால் வரை எட்டி, வெள்ளி உடம்பில் கரும்புள்ளிகள் இருந்தால் பிக்டஸ். 'சுறா' என்று பெயர் வைத்து விற்கும் சாம்பல் நிறக் குட்டி பெரும்பாலும் பங்காசியஸ்தான், அது ஒரு மீட்டருக்கு மேல் வளரும், எந்த வீட்டுத் தொட்டிக்கும் அது உரிய மீன் இல்லை.

சரி, சக்கர் மீனுக்கு வருவோம். வாய் அடியில் இருக்கும், கண்ணாடியில் அப்படியே ஒட்டிக்கொள்ளும், உடம்பெல்லாம் கவசம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ், 1758இல் இந்த வகையில் ஒன்றுக்குப் பெயர் வைத்தபோது அதைக் கெளுத்தியே அல்லாத ஸ்டர்ஜன் மீன்களோடு சேர்த்துவிட்டார்! அன்று அவர் வைத்த 'பிளெகோஸ்டோமஸ்', அதாவது மடிந்த வாய், என்ற சொல்தான் இன்று பிளெக்கோ என்று சுருங்கியிருக்கிறது. ஆனால் பிளெக்கோ என்று நம் தொட்டிக்கு வருவது பெரும்பாலும் லின்னேயஸ் பார்த்த மீன் இல்லை. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, மீன் முதுகுத் துடுப்பை விரித்திருக்கும்போது படம் எடுத்து, முன்னால் இருக்கும் முள்ளை விட்டுவிட்டு மீதிக் கதிர்களை, அதாவது துடுப்பைத் தாங்கி நிற்கும் மெல்லிய எலும்புக் குச்சிகளை, எண்ணுங்கள். ஏழு என்றால் ஹைப்போஸ்டோமஸாகவோ ஆன்சிஸ்ட்ரஸாகவோ இருக்கலாம், அதில் மூக்கின் மேல் கொம்பு கொம்பாகச் சதை முளைத்திருந்தால் ஆன்சிஸ்ட்ரஸ், அது ஒரு சாணுக்குள் நின்றுவிடும். பத்தோ அதற்கு மேலோ இருந்தால் டெரிகோப்ளிக்திஸ், நாற்பது சென்டிமீட்டரைச் சாதாரணமாகத் தொடும்.

வாசகரின் படத்தில் நான் எண்ணியது பன்னிரண்டு, ஆக இது டெரிகோப்ளிக்திஸ். அதில் எந்தச் சிற்றினம் என்பதை வயிறு சொல்லும். நான்காவது படத்தில் மீன் கண்ணாடியில் ஒட்டியிருந்ததால் வயிறு முழுசாகத் தெரிந்தது. வெளிறிய வயிற்றில் கரும்புள்ளிகள் தனித்தனியாக நின்றால் பர்டாலிஸ், ஒன்றோடொன்று இணைந்து புழு நெளிந்த கோலம் போல ஓடினால் டிஸ்ஜங்க்டிவஸ். இவருடையது நெளிந்த கோலம். ஆனால் இவை இரண்டும் கலந்து பிறந்த மீன்களும் உண்டு, அதனால் பேரினத்தை உறுதியாகச் சொல்வேன், சிற்றினத்தை 'பெரும்பாலும்' என்ற சொல்லோடுதான் சொல்வேன்.

அப்புறம் அந்தச் சத்தம். கெளுத்திகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். மார்புத் துடுப்பின் முதல் கதிர் மற்றவை போல வளையாது, கெட்டிப்பட்டு முள்ளாகியிருக்கும். அந்த முள்ளின் அடியில் பிறை வடிவத்தில் ஒரு எலும்பு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, தோள் எலும்பில் அதே வளைவில் ஒரு பள்ளம் இருக்கிறது. முள்ளை விரிக்கும்போது பிறை பள்ளத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும், முழுக்க விரிந்ததும் மீன் முள்ளை லேசாகத் திருகும், பிறை பள்ளத்தின் சுவரில் இறுகிக்கொள்ளும். பூட்டு விழுந்தாயிற்று. இதன்பின் தசைக்கு வேலையே இல்லை, வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் முள் மடங்காது, மீனே திருகித் திறந்தால்தான் உண்டு. செத்த கெளுத்தியின் முள்கூட விறைத்தபடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முதுகு முள்ளுக்கும் இப்படி ஒரு பூட்டு உண்டு, அதன் முன்னால் இருக்கும் ஒரு குட்டி எலும்பு தாழ்ப்பாள் வேலையைச் செய்கிறது. மூன்று முள்ளும் விரிந்து நிற்கும் மீனை விழுங்குவது எந்தப் பறவைக்கும் ஆபத்தான காரியம்.

இதே பூட்டுதான் வாத்தியமும். பிறையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சீப்பின் பற்கள் போல வரிவரியாக மேடுகள் தெரியும். மீன் முள்ளை முழுக்கப் பூட்டாமல், பிறையைப் பள்ளத்தின் சொரசொரப்பான சுவரில் அழுத்தியபடி வீசும்போது ஒவ்வொரு மேடும் ஒரு கணம் பிடித்து, அப்புறம் நழுவும். பிடித்து நழுவி, பிடித்து நழுவி, ஒவ்வொரு நழுவலும் ஒரு 'டிக்', அவை வேகமாக அடுக்கிக்கொண்டு வந்தால் 'கிர்ர்'. தொண்டையும் இல்லை, குரல்நாணும் இல்லை, தோள்மூட்டு பேசுகிறது! கேட்கவும் அவற்றிடம் நல்ல ஏற்பாடு இருக்கிறது, காற்றுப்பையின் அதிர்வைச் சின்னச் சின்ன எலும்புகளின் சங்கிலி ஒன்று உள்காதுக்குக் கடத்துகிறது. ஆக வாசகரின் மீன் எழுப்பியது, ஏதோ ஒன்று தன்னைப் பிடித்துவிட்டால் பல கெளுத்திகள் எழுப்பும் அபாய ஒலி.

இவ்வளவு தெரிந்தும் பெயர் வைக்கும் வேலை பாதியில் நிற்கிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. முதுகெலும்பு வெளியே தெரியும் கண்ணாடிக் கெளுத்தி எத்தனையோ வீடுகளில் பல ஆண்டுகள் நீந்தியது, தவறான பெயரில்தான். கிரிப்டோப்டெரஸ் விட்ரியோலஸ் என்று அதற்கே உரிய பெயர் கிடைத்தது 2013இல். டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் பிடித்து, 1842இல் பெயர் பெற்ற புள்ளிக் கோரியின் பேரினமே 2024இல் மாறிவிட்டது. கதிர் எண்ணுவதும் அருங்காட்சியகச் சீசாக்களைத் திறந்து ஒப்பிடுவதும் பளபளப்பான ஆராய்ச்சி இல்லை என்று நினைத்து நிதியைக் குறைக்கிறார்கள், ஆனால் ஒரு உயிர் எதுவென்றே தெரியாமல் அது அழிகிறதா பரவுகிறதா என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த டெரிகோப்ளிக்திஸையே எடுத்துக்கொள்ளுங்கள், தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று யாரோ ஆற்றில் விட்டதால், தென் அமெரிக்க மீனான இது இன்று பல கண்டங்களில் ஆற்றங்கரைகளைக் குடைந்து முட்டையிடுகிறது.

அதனால் இதைக் குளத்திலோ ஆற்றிலோ விட வேண்டாம், பெரிய தொட்டி என்ற உங்கள் முடிவுதான் சரி. மாற்றும்போது வலையை ஒதுக்கிவிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மீனை அதற்குள் ஓட்டுங்கள். ஏற்கெனவே வலையில் சிக்கிவிட்டால் முள்ளைப் பிடித்து இழுக்காதீர்கள், பூட்டு விழுந்த முள் மடங்காது, ஒடிந்துதான் போகும். மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்துக் கொஞ்சம் பொறுங்கள். அது அமைதியாகித் தானே பூட்டைத் திறக்காவிட்டால் கத்தரிக்கோலால் முள்ளைச் சுற்றியுள்ள வலையை வெட்டிவிடுங்கள்.