பேஸ் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் என்ன ஆகும்?

தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது பேஸ் கிட்டார். வலக்கைக்காரர்களுக்காகச் செய்த ஒன்றை ஓர் இடக்கைக்காரரிடம் கொடுத்தால், அப்படியே திருப்பிப் பிடித்துக்கொள்வார். உடனே ஒன்று தெரியும். மேலே இருக்க வேண்டிய தடித்த இ கம்பி அடியில் போயிருக்கும். மெல்லிய ஜி கம்பி மேலே வந்திருக்கும். "அதனாலென்ன, கம்பியைக் கழற்றி இடம் மாற்றிக் கட்டினால் போச்சு" என்று யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி கொஞ்சம் இயற்பியல்.

முதலில் கம்பிகள். இ, ஏ, டி, ஜி என்ற நான்குக்கும் நீளம் ஒன்றுதான், பெரும்பாலான பேஸ்களில் 34 அங்குலம். ஆனால் இ கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர வேண்டும், ஜி கம்பி 98 முறை. நீளமும் இழுவிசையும் ஏறக்குறைய சமமாக இருந்தால், சுருதியைத் தீர்மானிப்பது கம்பியின் எடை. அதிர்வு பாதியாகக் குறைய எடை நான்கு மடங்கு ஏற வேண்டும். இந்தக் கணக்குப்படி இ கம்பி ஜி-யைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல் கனமாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணச் செட்டில் ஜி 0.045 அங்குலம், இ 0.105 அங்குலம். குறுக்குப் பரப்பை ஒப்பிட்டால் 5.4 மடங்கு வருகிறது.

கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் 'நட்' என்ற சிறு பட்டையில் இந்தத் தடிமன்களுக்கு ஏற்றபடிதான் பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஜி-க்கு வெட்டிய பள்ளத்தில் இ உட்காராது. இ-யின் பள்ளத்தில் ஜி ஆடிக்கொண்டு கிடக்கும். ஆகவே நட்டை மாற்றியே ஆக வேண்டும். நல்ல வேளையாக, அது சின்னத் துண்டு.

மறுமுனையில் இருப்பது பிரிட்ஜ், வீணையில் குதிரை என்போமே அதுதான். அதைக் கூர்ந்து பார்த்தால் நான்கு கம்பிகளின் முனைகளும் ஒரே கோட்டில் இருக்காது. தடித்த கம்பி கொஞ்சம் விறைப்பானது, நுனிகளில் எளிதில் வளையாது. அதனால் கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டில் அழுத்தும்போது சுருதி சற்று ஏறிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் இ கம்பியின் முனையைச் சில மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். கம்பியை இடம் மாற்றினால் இந்தத் தள்ளலும் இடம் மாற வேண்டும். பெரும்பாலான பேஸ்களில் திருகைத் திருப்பினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப்பில்தான் சுவாரசியம். இருவர் சுற்றும் ஸ்கிப்பிங் கயிற்றைப் பாருங்கள்: நடுவில் வீச்சு அதிகம், கைக்கு அருகில் குறைவு. கம்பியின் அடிப்படை அதிர்வும் அப்படியே. பிரிட்ஜுக்கு அருகே காது வைக்கும் பிக்கப்புக்கு அடிநாதம் குறைவாகவும் மேல் சுரங்கள் தூக்கலாகவும் கேட்கும். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸில் 1957 முதல் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, இ, ஏ கம்பிகளுக்கான துண்டைக் கழுத்துப் பக்கமும், டி, ஜி-க்கானதைப் பிரிட்ஜ் பக்கமும் வைத்தார்கள். திருப்பிப் பிடித்துக் கம்பியை மாற்றினால் இது கவிழ்ந்துவிடும்: கனத்த கம்பிகள் இறுக்கமாகவும், மெல்லியவை மொத்தையாகவும் ஒலிக்கும். கெட்டுப்போனது என்று சொல்ல மாட்டேன். ராக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் திருப்பி வாசித்தபோது அதன் சாய்ந்த பிக்கப்பும் இப்படித்தான் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அந்த ஒலியை விரும்பித் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாதது உடலின் வடிவம். பேஸின் மேல்கொம்பு நீண்டிருப்பது அழகுக்கு அல்ல. தோள்பட்டி அதன் நுனியில் மாட்டுகிறது. நீண்ட கழுத்தின் எடையைத் தாங்க அந்த இடம் கழுத்துப் பக்கமாகத் தள்ளியிருக்க வேண்டும். திருப்பினால் குட்டைக் கொம்பு மேலே வரும், கழுத்து தரையை நோக்கிச் சாயும். கழுத்தைத் தாங்கவே ஒரு கை போனால் வாசிப்பது எப்படி? நீண்ட கொம்பு இப்போது அடியில், மேல் மெட்டுகளுக்குப் போகும் கையை மறிக்கும். சத்தக் குமிழ்கள் முழங்கைக்குக் கீழே வந்து உரசும்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸ் இங்கே நினைவுக்கு வருகிறது. 1961-இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கியது. இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இடக்கையில் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. கொம்பே இல்லாததால் பெரிய பேதமும் இல்லை. 1972-இல் களவுபோன அந்த பேஸ் திரும்பக் கிடைத்த செய்தி 2024-இல்தான் வெளிவந்தது.

சரி, இவ்வளவு தொல்லை எதற்கு? இரண்டு கைக்கும் புதிய வேலைதானே, வலக்கை முறையிலேயே கற்றுக்கொண்டால் என்ன? நியாயமான கேள்வி. ராக் கிட்டார் கலைஞர் மார்க் நாஃப்லர் இடக்கைக்காரர், வாசிப்பது வலக்கை முறையில். 1995-இல் ஆய்வாளர் எல்பர்ட்டின் குழுவினர் தந்தி வாத்தியக் கலைஞர்களை ஆராய்ந்தபோது, மெட்டுப் பிடிக்கும் இடக்கை விரல்களுக்கு மூளை ஒதுக்கும் பரப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. எந்தக் கையும் பழகும்.

ஆனாலும் இரு கைகளும் செய்வது ஒரே வகை வேலையல்ல. எழுதும்போது ஒரு கை தாளைப் பிடித்து இடம் அமைக்கிறது, மறு கை அதற்குள் நுணுக்கமாக இயங்குகிறது. இந்தப் பிரிவினையை 1987-இல் ஆய்வாளர் ஈவ் கியார் விரிவாக விளக்கினார். பேஸிலும் மெட்டுக் கை "எங்கே" என்பதை அமைக்கிறது, மீட்டும் கை "எப்போது" என்பதை முடிவு செய்கிறது. பேஸ்காரரின் பிழைப்பே அந்த "எப்போது"-இல்தான் இருக்கிறது. டிரம்ஸோடு ஒட்டிப் போகாத பேஸ் எத்தனை சுரம் வாசித்தும் பயனில்லை. அதனால், தாளம் இயல்பாக எந்தக் கையில் வருகிறதோ அதற்கே மீட்டும் வேலையைக் கொடுங்கள் என்பேன். மிருதங்கத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளை செய்ததும் அதுதான். வழக்கமாக வலக்கை வாசிக்கும் வலந்தலையை இடக்கைப் பக்கம் வைத்தே வாசித்தார்.

எழுதும் கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் வீடுகளில் அதட்டி வலக்கைக்கு மாற்றப்பட்டவர்கள் நிறைய. ஒருவருக்கு எந்தக் கைப்பழக்கம் என்று அறிய ஆய்வாளர் ஓல்ட்ஃபீல்டு 1971-இல் வெளியிட்ட எடின்பரோ கைப்பழக்கப் பட்டியலில் தீக்குச்சி உரசுவது, பல் துலக்குவது, பந்தெறிவது எல்லாம் உண்டு. அவற்றோடு துடைப்பத்தை பேஸ்போலப் பிடித்தும் பாருங்கள். யோசிக்காமல் எந்தப் பக்கம் பிடிக்கிறீர்கள் என்பது ஒரு நல்ல குறி.

இடக்கை என்று முடிவானால், முழுக்கவும் இடக்கைக்கே செய்ததை வாங்குங்கள், வண்ணத் தேர்வு குறைவாக இருந்தாலும். தோளில் மாட்டி இரு கையையும் விட்டுவிட்டுக் கழுத்து சாய்கிறதா என்று கவனியுங்கள். சத்தக் குமிழை மெல்லத் திருகுங்கள்: வலக்கைக் குமிழையே தலைகீழாக இணைத்திருந்தால் தொடக்கத்திலேயே சத்தம் குபீரென்று ஏறி, மீதிச் சுற்றில் ஒன்றும் நடக்காது. கடைசியாகக் கழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். மெட்டு எண்ணும் சிறு புள்ளிகள் உங்கள் கண்ணுக்கு நேரே, மேல் ஓரத்தில் இருக்க வேண்டும். கீழ் ஓரத்தில் இருந்தால் அது திருப்பிக் கட்டிய வலக்கை பேஸ்.