நடிகரின் மூச்சில் தெரியும் துருவக் குளிர்

தென்னாப்பிரிக்காவின் சானே 4 ஆய்வுத்தளம் அண்டார்க்டிகாவில், வெஸ்லெஸ்கார்வெட் என்னும் பாறைமேட்டின்மீது, அடியில் காற்று புகுந்து பனியை அடித்துச் செல்லும்படி உயரமான கால்களில் நிற்கிறது. அப்படியொரு தளத்தில் கொடிய உயிரி ஒன்று நுழைவதாகத் திகில் படம் எடுக்க, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் அக்கா மகனும் நண்பர்களும் முனைந்திருக்கிறார்கள். கையில் காசு குறைவு. வெளியிலோ கோடை வெக்கை.

வெண்பனிக்கு வழி எளிது. குழந்தைகளின் நாப்பிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் நீர் பட்டதும் கூழாகிவிடும். அதன் மற்றொரு வகையை ஒரு தேக்கரண்டி தம்ளரில் இட்டு நீர் ஊற்றினால், சில நொடிகளில் பொலபொலவென்று பொங்கி விளிம்பைத் தாண்டும்.

கடினமானது மூச்சுப்புகைதான். அது இல்லாவிட்டால் எத்தனை கம்பளிச்சட்டை போட்டாலும் குளிரை யாரும் நம்பமாட்டார்கள். நாம் வெளிவிடும் காற்று ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில், ஒரு கனமீட்டருக்குச் சுமார் 37 கிராம் நீராவியைச் சுமந்து வருகிறது. 27 பாகையும் 75 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட டர்பன் காற்றில் 19 கிராம் இருக்கும். இரண்டும் சரிபாதியாகக் கலந்தால் 30 பாகைச் சூட்டில் 28 கிராம். அந்தச் சூட்டில் காற்று 30 கிராம் வரை தாங்குமாதலால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதே மூச்சு 0 பாகைக் காற்றில் கலந்தால் 17 பாகையில் ஏறக்குறைய 20 கிராம் சேர்கிறது. அங்கே காற்றின் கொள்ளளவு 15 கிராமுக்கும் குறைவு. மிஞ்சிய நீராவி நுண்துளிகளாகத் திரண்டு வெண்புகையாகிறது.

ஆகவே, பழங்கள் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றை ஓரிரவு வாடகைக்கு எடுக்கச் சொன்னேன். நுண்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் அது செல்லும் திசையிலேயே சிதறடிப்பதால், விளக்கை நடிகருக்குப் பின்னால் வைத்து, பின்புலத்தை இருட்டாக்க வேண்டும். உறைந்த கரியமில வாயுவான உலர்பனிக்கட்டியை வாயில் வைக்கும் குறுக்குவழியை மட்டும் யாரும் முயலக் கூடாது. கழித்தல் 78 பாகையில் அது நாக்கைப் பொசுக்கிவிடும்.

அந்த உயிரிக்குச் செலவே வேண்டாம் என்பது என் கருத்து. சுற்றுக் காற்றின் வெப்பநிலையிலேயே உடல் கொண்ட ஒன்று மூச்சு விட்டால் புகை எழாது. இருட்டில் மனித உருவிலிருக்கும் அதையும் சேர்த்து நால்வர் பேசிக்கொண்டிருக்க, மூன்று வாய்களில் மட்டும் புகை எழுந்தால் போதும்.