மழைக்காலத்தில் மடியும் முயல் குட்டிகள்

வட சென்னையின் கொடுங்கையூர், வியாசர்பாடி, மாதவரம் பகுதிகளில் மொட்டை மாடியிலும் வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்திலும் முயல் வளர்ப்பவர்கள், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் என்னிடம் எடுத்து வரும் குட்டிகள் பெரும்பாலும் பால்குடி மறந்து ஓரிரு வாரங்களே ஆனவை. வயிறு உப்பி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட, பின்புறம் கழிச்சலால் நனைந்திருக்கும். வலி தாங்காமல் பல்லை நறநறவென்று கடிக்கும். தீவனத்தில்தான் ஏதோ கோளாறு என்று உரிமையாளர் சொல்வார். புழுக்கையை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், எய்மீரியா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைகள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். காக்சிடியோசிஸ் எனப்படும் இரத்தக் கழிச்சல் நோய் இதுவே. பெயரில் இரத்தம் இருந்தாலும் முயலின் கழிச்சலில் இரத்தம் தெரியாமலே போகலாம் என்பதால், அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

முயலைத் தாக்கும் எய்மீரியா இனங்களில் ஒன்று கல்லீரலின் பித்த நாளங்களிலும் மற்றவை குடலிலும் பெருகுகின்றன. வளர்ந்த தாய் முயல் எவ்வித நோய்க்குறியும் இல்லாமல் முட்டைகளை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் புதிதாக விழுந்த முட்டை உடனே தொற்றாது; ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்து, ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் முதிர்ந்த பிறகே தொற்றும். முயல் தன் மென்புழுக்கையை ஆசனவாயிலிருந்தே நேரடியாக உண்பது அதன் இயல்பு. அதைக் கண்டு அஞ்சித் தடுக்க முயல்வோர் உண்டு, அது தேவையில்லை. கூண்டின் மூலையில் நாள்கணக்கில் ஒட்டிக் கிடக்கும் பழைய புழுக்கையும், அதில் புரண்ட தீவனமும்தான் ஆபத்து. மழைக்காலத்தில் நம் பகுதியின் மாடிக் கூண்டுகள் காய்வதே இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபினாயில் தெளித்தால் போதும் என்று நம்பாதீர்கள். தடித்த ஓடுடைய இம்முட்டைகளை அது கொல்லாது. புழுக்கையைச் சுரண்டி எடுத்துவிட்டு, முயல்களை வேறிடத்துக்கு மாற்றி, கொதிக்கும் நீரை ஊற்றி, நன்றாக உலர விடுங்கள். புழுக்கை கீழே விழும்படி கம்பிவலைத் தரை அமைத்து, தீவனத் தட்டைத் தரையில் வைக்காமல் உயர்த்திக் கட்டுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. கழிச்சல் என்றதும் மருந்துக் கடையில் அமாக்சிசிலின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தை வாங்கி வாய்வழியே கொடுத்துவிட்டு வருகிறார்கள். முயலின் பெருங்குடல்வாயில், அதாவது பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையில், தீவனத்தைப் புளிக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்களை அது அழித்து, நச்சு உண்டாக்கும் கிருமிகளைப் பெருகவிடுவதால், நோயில் பிழைத்திருக்கக்கூடிய குட்டியும் மருந்தால் இறக்கிறது. குடற்புழு நீக்க மருந்தும் இங்கே பயன்படாது, ஏனெனில் எய்மீரியா புழு அல்ல. சல்ஃபா வகை மருந்துகளும் டோல்ட்ராசூரில் என்னும் மருந்தும் பயன் தருகின்றன. அளவை மருத்துவரே எடை பார்த்துச் சொல்ல வேண்டும். கழிச்சலால் நீரிழந்த குட்டிக்கு நீர்ச்சத்து ஏற்றுவதும் அதே அளவுக்கு முக்கியம்.

ஒரு குட்டிக்குக் கழிச்சல் கண்டாலே, எல்லாக் கூண்டுகளிலிருந்தும் அன்றைய புழுக்கையைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, கூண்டின் அடையாளத்தை எழுதிக் கொண்டு வாருங்கள். இறந்துவிட்டால் புதைக்காமல், பனிக்கட்டி வைத்த பெட்டியில் அன்றே எடுத்து வாருங்கள். கல்லீரலில் வெண்மஞ்சள் புள்ளிகள் இருக்கின்றனவா என்று திறந்து பார்த்தால், மீதிக் குட்டிகளுக்கு என்ன செய்வதென்று அன்றே முடிவெடுக்க முடியும்.