பைக் மீனுக்கு எந்தத் தக்கை, எந்தக் கோல்?

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில் ‘பிராட்ஸ்’ என்று அழைக்கப்படும் ஏரிகள் பல இருக்கின்றன. பார்த்தால் இயற்கை ஏரிகள் போலத்தான் தெரியும். ஆனால் இடைக்காலத்து மக்கள் அடுப்பெரிப்பதற்காக மட்கிய கரிமண்ணை வெட்டி எடுத்த குழிகள் அவை. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டது. அதனால் ஆழம் அதிகமில்லை, பல இடங்களில் ஒன்றரை, இரண்டு மீட்டர்தான். பிப்ரவரிக் குளிரில், காய்ந்த நாணல் ஓரத்தில், பச்சை உடம்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகளோடு ஒரு மீன் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். அதுதான் பைக்.

நம் வரால் போலப் பதுங்கியிருந்து பாய்கிற மீன் இது. முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் வாலை ஒட்டிப் பின்னால் அமைந்திருப்பதால் உடம்பின் பின்பாதியே ஒரு பெரிய துடுப்பாக வேலை செய்கிறது, நின்ற இடத்திலிருந்து அம்பு போலக் கிளம்பும். இரையைக் குறுக்காகக் கவ்வும், ஆனால் உடனே விழுங்காது. கொஞ்ச தூரம் நகர்ந்து போய், வாய்க்குள்ளேயே இரையைத் திருப்பி, தலைப்பக்கமாக உள்ளே தள்ளும். உள்நோக்கிச் சாய்ந்த பற்கள் அதற்குத்தான்.

கவ்வுவதற்கும் விழுங்குவதற்கும் நடுவே உள்ள அந்தச் சிறு இடைவெளியில்தான் தூண்டில்காரரின் வேலை எல்லாமே இருக்கிறது. முன்பெல்லாம் மீன் நன்றாக விழுங்கட்டும் என்று காத்திருந்து பிறகு இழுப்பார்கள். தூண்டில் முள் வயிற்றில் போய்ப் பதியும், மீன் பிழைக்காது. இன்று அங்கே பைக் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் மீனை உயிரோடு திருப்பி விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டுமென்றால் முள் வாயோரத்தில்தான் மாட்ட வேண்டும். அதற்கு மீன் கவ்விய உடனே நமக்குத் தெரிய வேண்டும், நாம் கவனிக்கிறோம் என்பது மீனுக்குத் தெரியக் கூடாது.

என் பார்வையில் தக்கையும் கோலும் இரண்டு ஸ்பிரிங்குகள். ஒன்று தண்ணீரால் ஆனது, இன்னொன்று கார்பன் இழையால் ஆனது. மீன் முதலில் சந்திப்பது தக்கையை, அது எவ்வளவு இளகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அப்புறம்தான் கோல். அது இளகவும் வேண்டும், தாங்கவும் வேண்டும். கடைக்காரர் வண்ணத்தைக் காட்டி விற்க முயன்றாலும் இந்த இரண்டு கணக்கையும் மறக்க வேண்டாம்.

தக்கைக் கணக்கை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைப் போட்டு, ஒரே விரலால் அமுக்கி மூழ்கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் அது நழுவி நழுவித் துள்ளும். பந்தின் எடை 2.7 கிராம், கனஅளவு சுமார் 33.5 கன சென்டிமீட்டர். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி ஒவ்வொரு கன சென்டிமீட்டர் தண்ணீரும் ஒரு கிராம் அளவுக்கு மேலே தள்ளும். ஆக, பந்தை முழுக்க அமுக்கச் சுமார் 31 கிராம் விசை வேண்டும். அடுத்து, இரு முனையும் அடைத்த ஒரு சாதாரண உறிஞ்சுகுழலின் அடியில் சின்ன எடை கட்டி நட்டுக்குத்தலாக மிதக்க விட்டு அமுக்குங்கள். எதிர்ப்பே இல்லாதது போல இறங்கிவிடும்.

பழைய காலத்துப் பைக் தக்கை கிட்டத்தட்ட அந்தப் பந்துதான், கார்க்கில் செய்த குண்டு. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டு பாதி மூழ்கி மிதக்கிறது என்று வையுங்கள். மீதிப் பாதியை மூழ்கடிக்க மீன் சுமார் 17 கிராம் இழுக்க வேண்டும். இப்போது 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள பென்சில் தக்கையை எடுத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 0.785 சதுர சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்க 0.8 கிராம் போதும். நுனி மட்டும் 3 சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி ஈயம் சேர்த்திருந்தால், முழுக்க மூழ்க இரண்டரை கிராம்கூடத் தேவையில்லை. ஏழில் ஒரு பங்கு! தண்ணீர்மட்டத்தில் தக்கை எவ்வளவு பரப்பை அடைத்துக்கொள்கிறதோ, அதுதான் இந்த ஸ்பிரிங்கின் கடினம்.

மூழ்கிய பிறகும் கதை முடிவதில்லை. மீன் இரையோடு நகரும்போது தக்கையும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கூடவே போகிறது. குண்டின் முகப்பு பென்சிலின் முகப்பைவிடப் பதினாறு மடங்கு பெரியது. அந்த இழுவையைப் பைக் வாயில் உணர்கிறது, சந்தேகம் வந்தால் இரையைத் துப்பிவிடுகிறது. அதனால்தான் பைக் தக்கை என்றால் குண்டாக இருக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்தோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ‘பெரிய இரையைத் தாங்கப் பெரிய தக்கை வேண்டாமா?’ என்று கேட்கலாம். 80 கிராம் மத்தி மீன் தண்ணீருக்குள் ஏறக்குறைய தன் எடை அளவுக்கே நீரை விலக்குகிறது. அங்கே அதன் எடை சில கிராம்தான். தக்கை தாங்க வேண்டியது அதையும், ஈயத்தையும், முள்ளையும், பைக்கின் பற்கள் அறுத்துவிடாதபடி கட்டும் அரை மீட்டர் எஃகுக் கம்பியையும் மட்டுமே.

சிற்றலை இருக்கும் நாளில் வேறொரு நன்மையும் தெரியும். குண்டுத் தக்கை ஒவ்வொரு சிற்றலைக்கும் துள்ளும், அதற்கு நடுவே மீன் தொட்டதா இல்லையா என்று கண்டுபிடிக்கவே முடியாது. தண்ணீருக்குள் 17 சென்டிமீட்டர் நீளம் நிற்கும் பென்சிலுக்கோ ஒரு முறை மேலே போய்க் கீழே வர சுமார் 0.8 நொடி ஆகும். அதைவிட வேகமாக வரும் சிற்றலைகள் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. கடல் ஆய்வுக்கு விடும் நீண்ட குழாய் வடிவ மிதவைகளும் இதே விதியில்தான் ஆடாமல் நிற்கின்றன.

குளிர்காலத்தில் அடியில் கிடக்கும் செத்த மீனைத்தான் பைக் அதிகம் பொறுக்கும். அப்போது ஆழத்தைவிட 30 முதல் 50 சென்டிமீட்டர் கூடுதலாக நரம்பை, அதாவது தூண்டில் நூலை விட்டு, பென்சிலின் அடிமுனையை மட்டும் நரம்போடு இணைத்துப் போடுவது எனக்குப் பிடித்த முறை. தக்கை லேசாகச் சாய்ந்து நிற்கும். மீன் இரையைத் தூக்கினால் தக்கை அப்படியே படுத்துவிடும். இரையோடு நடந்தால் சறுக்கிக்கொண்டு போகும். ஒரே தக்கை இரண்டு சேதி சொல்கிறது. நுனியின் நிறமும் முக்கியம். வானம் பிரதிபலித்து வெள்ளி போல மின்னும் தண்ணீரில் சிவப்பு மங்கிப் போகும், கறுப்பு நுனிதான் பளிச்சென்று தெரியும்.

ஆழம் கூடிய நீர்த்தேக்கம் என்றால் சிக்கல் வேறு. கோலின் நீளம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். ஆழம் 6 மீட்டர். தக்கையை 6 மீட்டரில் இறுக்கிக் கட்டினால் வீசவே முடியாது. அதற்குத்தான் நழுவும் தக்கை. நரம்பில் வேண்டிய ஆழத்தில் நூலால் ஒரு சிறு முடிச்சுப் போடுவார்கள், அது கோலின் வளையங்களுக்குள் தடையின்றிப் போய் வரும். முடிச்சுக்குக் கீழே ஒரு பாசிமணி, அதற்குக் கீழே தக்கை. வீசும்போது தக்கை ஈயத்தை ஒட்டியே பறக்கிறது. தண்ணீரில் விழுந்ததும் ஈயம் நரம்பைத் தக்கை வழியாக இழுத்துக்கொண்டு இறங்கும். முடிச்சு மணியில் முட்டும் கணத்தில் தக்கை எழுந்து நிற்கும். எழவே இல்லையா? ஈயம் அதற்கு முன்பே தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். ஆழத்தை அளக்க இதைவிட எளிய கருவி கிடையாது.

இன்னொரு வகை, தலையில் சிறு பாய் போன்ற தகடு வைத்தது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு வெகுதூரம் இரையைக் கொண்டுபோகும். இதற்கு நரம்பு மிதந்தாக வேண்டும். பாலிஎத்திலீன் இழையில் பின்னிய நூல் தண்ணீரைவிட லேசானது, தானே மிதக்கும். தங்கூஸ் நைலான் தண்ணீரைவிடக் கனம், வாசலின் தடவினால்தான் மேலே நிற்கும்.

சரி, கோலுக்கு வருவோம். அங்கே விற்கும் பைக் கோல்களில் 2.5 பவுண்டு, 3 பவுண்டு, 3.5 பவுண்டு என்று எழுதியிருக்கும். பலர் இதை மீனின் எடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. கோலின் கைப்பிடியை அசையாமல் பிடித்து, நுனியைக் கைப்பிடிக்குச் செங்குத்தாகத் திரும்பும் வரை வளைக்க எவ்வளவு இழுக்க வேண்டுமோ, அந்த அளவு அது. 3 பவுண்டு என்றால் சுமார் 1.36 கிலோ. இந்த அளவை மீன்பிடிப்பாளர்களிடையே பரப்பியவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் வாக்கர். 1952இல் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையை, தானே வடிவமைத்த மூங்கில் கோலால் பிடித்தவர், தொழிலால் பொறியாளர். இந்த அளவை ஐந்தால் பெருக்கினால் அந்தக் கோலுக்குப் பொருத்தமான நரம்பின் பலம் கிடைக்கும் என்பது அன்றிலிருந்து வழங்கும் கணக்கு. 3 பவுண்டுக் கோலுக்கு 15 பவுண்டு நரம்பு. பைக்குக்கு வழக்கமாகக் கட்டும் நைலானும் அதுவே.

வீசும் எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டுக்கு ஓர் அவுன்சு. 3 பவுண்டுக் கோல் 3 அவுன்சு, அதாவது 85 கிராமை நன்றாக வீசும். ஒரு மத்தி ஏறக்குறைய அவ்வளவுதான். கானாங்கெளுத்தியைப் பாதியாக வெட்டி மாட்டினால் 3.5க்குப் போகலாம். ஆனால் எடையை மட்டும் பார்த்தால் போதாது. மத்தியின் சதை மிருதுவானது. நுனி மட்டும் வளையும் விறைப்பான கோலில் சட்டென்று வீசினால் முள் நம்மிடம் தங்கும், மத்தி தனியாகப் பறந்துபோகும். அடி வரைக்கும் சீராக வளையும் கோல் அதே வேகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு கொடுக்கிறது. இரைமீது விழும் உச்ச விசை குறைகிறது. பலர் மத்தியை உறைந்த நிலையிலேயே மாட்டி வீசுவதும் இதனால்தான்.

மீன் மாட்டிய பிறகு வளைவின் அருமை இன்னும் புரியும். கோல் ஒரு நெம்புகோல், ஆனால் மீனுக்குச் சாதகமான நெம்புகோல். வளையாத கோலில் நரம்பு 3 மீட்டர் தள்ளி இழுக்கிறது என்று வையுங்கள். 1 கிலோ இழுப்பைத் தாங்க, அரை மீட்டர் இடைவெளியில் பிடித்திருக்கும் நம் கைக்கு 6 கிலோ விசை வேண்டும். கோல் நன்றாக வளைந்து அந்தத் தூரம் 1.5 மீட்டராகக் குறைந்தால் 3 கிலோ போதும். வளைவு, மீனின் நெம்புகோலைக் குட்டையாக்கிவிடுகிறது.

ஆபத்தான நேரம் கடைசி நிமிடம். வலை அருகே வந்த பைக் திடீரென்று படகுக்கடியில் பாயும். 50 மீட்டர் நரம்பு வெளியே இருந்தபோது நைலானின் நீட்சி அதிர்ச்சியைக் குடித்துக்கொண்டது. இப்போது இரண்டு மீட்டர்தான் இருக்கிறது. பின்னல் நூல் என்றால் நீட்சியே கிடையாது எனலாம். மிச்சமிருக்கும் ஸ்பிரிங் கோல் மட்டும்தான். அது விறைப்பாக இருந்தால் முள் பிய்த்துக்கொண்டு வரும். அதற்காக மிகவும் மிருதுவான கோலும் கூடாது. சண்டை நீண்டு மீன் களைத்துவிடும், களைத்த மீனை விட்டாலும் அது தேறுவது கடினம். 2024இல் இங்கிலாந்தின் சியூ வேலி ஏரியில் பிடிபட்ட பைக் 47 பவுண்டு 5 அவுன்சு, 21 கிலோவுக்கு மேல். அப்படிப்பட்ட மீன் வரும் நீர்நிலைக்கு 3 பவுண்டுக்குக் குறைவான கோலை நான் சொல்ல மாட்டேன். ஆழமில்லாத பிராட்ஸ் ஏரிகளில் சிறிய இரையோடு 2.75 பவுண்டு தாராளம்.

பழைய கோல் வாங்குபவர்கள் அதில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கைப்பிடியை மேசையில் கிடையாகக் கட்டி, நரம்பை வளையங்கள் வழியே விட்டு, அதன் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி மெதுவாகக் கீழே இழுங்கள். நுனி நேராகத் தரையைப் பார்க்கும்போது தராசு முள் எங்கே நிற்கிறதோ, அதுதான் அந்தக் கோலின் உண்மையான எண்.