பட்டன் இருந்தால் போதுமா? டயரின் பிடி எங்கிருந்து வருகிறது

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஏழு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய கார். ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பேன், இன்னும் 18,000 கி.மீ.கூட ஓடவில்லை. டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது. ஆனால் பஞ்சர் கடைக்காரர், 'ரப்பர் இறுகிப்போச்சு சார், மழைக்கு முன்னாடி மாத்திடுங்க' என்கிறார். பட்டன் தேயாத டயரை மாற்றச் சொல்வது வியாபாரப் பேச்சுதானே?"

இல்லை, கடைக்காரர் சொன்னதுதான் சரி. ஐப்பசி வரப்போகிறது. சென்னைக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதற்குள் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

சாலையைப் பிடிப்பது பட்டன், அதாவது டயரின் மேல் துருத்தியிருக்கும் ரப்பர் கட்டைகள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளங்களின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. உலர்ந்த பாதையில் ஃபார்முலா ஒன் கார்கள் ஒரு பள்ளம்கூட இல்லாத மொட்டை டயரோடுதான் ஓடுகின்றன. நம் கார்களைவிடப் பல மடங்கு பிடிப்போடு வளைவில் திரும்புகின்றன. பிடிப்பது ரப்பர்தான். அது எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் அழகே இருக்கிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஆயிரம் கிலோ கார் என்றால் ஒரு டயர் மேல் 250 கிலோ. காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. வகுத்தால் சுமார் 110 சதுர சென்டிமீட்டர் வரும். ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. குடும்பமே ஏறி உட்கார்ந்து ஈசிஆரில் போகும்போது தரையோடு இருக்கும் தொடர்பு இந்த நான்கு உள்ளங்கைதான். பிரேக், ஸ்டியரிங், ஏபிஎஸ் எதுவானாலும் இதன் வழியாகத்தான் வேலை செய்ய வேண்டும்.

பள்ளிக்கூடத்து இயற்பியலில் உராய்வு என்றால் எடையைக் குணகத்தால் பெருக்கினால் வேலை முடிந்தது. பரப்பு கணக்கில் வராது, வேகமும் வராது. மரக்கட்டைக்கு அது சரி. ரப்பருக்கு எடுபடாது. ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகள் தரையின் மூலக்கூறுகளோடு நேரடியாக ஒட்டி, பிய்ந்து, மறுபடி ஒட்டுவது. சுத்தமான, உலர்ந்த தரையில் இது நன்றாக நடக்கும். நடுவே தண்ணீரோ தூசியோ வந்தால் பெரும்பாலும் போய்விடும். அப்படியானால் மழையில் நாம் எப்படி நிற்கிறோம்? இரண்டாவது வழியால்.

சாலையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ஜல்லியின் முனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கிறோம், ரப்பர் அதன் மேல் லேசாகச் சறுக்குகிறது. ஜல்லியின் முன்பக்கம் ரப்பரை அமுக்குகிறது. ரப்பர் உள்வாங்கிக்கொண்டே எதிர்த்துத் தள்ளுகிறது. முனை தாண்டியதும் பின்பக்கம் ரப்பர் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். முழுக்க மீள்தன்மை உள்ள பொருளாக இருந்தால் உடனே விரிந்து, ஜல்லியின் பின்பக்கத்தை அதே விசையோடு தள்ளியிருக்கும். முன்னால் கொடுத்ததும் பின்னால் வாங்கியதும் சமம், இந்த வழியில் பிடிப்பே இருக்காது. ரப்பர் அப்படியில்லை. மெமரி ஃபோம் தலையணையைக் குத்திவிட்டுக் கையை எடுத்தால் பள்ளம் மெல்ல நிரம்புமே, அதுபோலத் தாமதமாகத்தான் விரிகிறது. அது விரிவதற்குள் ஜல்லி நகர்ந்து போயிருக்கும். முன்பக்கத்தில் முழு எதிர்ப்பு, பின்பக்கத்தில் அரைகுறைத் தள்ளல். இந்த வித்தியாசம்தான் காரை நிறுத்துகிறது. திரும்பி வராத ஆற்றல் ரப்பருக்குள்ளேயே வெப்பமாகக் கரைகிறது. இதற்கு ஒட்டுதல் தேவையில்லை. அதனால் தண்ணீர் இதைச் சுலபமாக அழித்துவிட முடியாது.

இதைச் சோதனையில் தெளிவாகக் காட்டியவர் குரோஷ் என்ற ஆய்வாளர். 1963-இல் வெளியான ஆய்வு. கண்ணாடி மேலும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பரப்பின் மேலும் ரப்பரை மிக மெதுவாக இழுத்தார், பல வெப்பநிலைகளில். மூலக்கூறு ஒட்டுதலைத் தடுக்க அந்தச் சொரசொரப்பான பரப்பின் மேல் மக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) பொடியையும் தூவிப் பார்த்தார். ஒட்டுதலால் வந்த பங்கு போயிற்று. ரப்பர் அமுங்கி விரியும் உருமாற்றத்தால் வந்த பங்கு அப்படியே நின்றது. பிற்பாடு 2001-இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் போ பெர்சன் இதைக் கணிதமாகவே எழுதிவிட்டார். அவர் பார்வையில் சாலை என்பது ஒரே சொரசொரப்பு அல்ல. ஜல்லி அளவில் ஒன்று, ஜல்லியின் மேல் மில்லிமீட்டர் அளவில் ஒன்று, அதன் மேலும் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இன்னொன்று என்று மேடுகளின் மேல் மேடுகள். ஒவ்வோர் அடுக்கும் ரப்பரை ஒவ்வொரு தாளத்தில் தட்டுகிறது. ரப்பர் நொடிக்கு ஒரு மீட்டர் சறுக்கினால், ஒரு மில்லிமீட்டர் மேடுகள் அதை நொடிக்கு ஆயிரம் முறை அமுக்கும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மேடுகள் லட்சம் முறை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது. ஆற்றலை வீணாக்கும் ரப்பர்தான் நன்றாகப் பிடிக்கும் என்றால், அது உருளும்போதும் வீணாக்கிப் பெட்ரோலைக் குடிக்காதா? குடிக்கும்தான். ஆனால் 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு சுற்றுதான் சுற்றுகிறது. உருள்வதால் ரப்பர் கசங்குவது அந்த மெதுவான தாளத்தில். பிரேக் பிடிக்கும்போது சாலை தட்டுவது ஆயிரங்களிலும் லட்சங்களிலும். மெதுவான தாளத்தில் ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து, வேகமான தாளத்தில் விழுங்கிவிடும் ரப்பரைச் செய்ய முடிந்தால் மைலேஜும் கிடைக்கும், பிடிப்பும் கிடைக்கும். ரப்பருக்கு வேகமாகத் தட்டுவதும் குளிரில் மெதுவாகத் தட்டுவதும் ஒன்றுதான். அதனால் ஆய்வகத்தில் லட்சம் முறை தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சைபர் டிகிரியில் எவ்வளவு ஆற்றல் இழக்கிறது என்று அளந்தால் ஈரச்சாலைப் பிடிப்பைக் கணித்துவிடலாம், 60 டிகிரியில் அளந்தால் உருள்வதற்கான எதிர்ப்பைக் கணித்துவிடலாம். கரித்தூளுக்குப் பதிலாகச் சிலிக்கா கலந்த ரப்பரை 1992-இல் மிஷ்லின் சந்தைக்குக் கொண்டுவந்தபோது சாதித்தது இதைத்தான். திருவொற்றியூரில் 1946-இல் பலூன் பொம்மை செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்ஆர்எஃப் முதல் ஒரகடம், தேர்வாய்கண்டிகைத் தொழிற்சாலைகள் வரை நம்மைச் சுற்றியே இவ்வளவு டயர் செய்கிறார்கள். இந்த நுட்பம் நம் பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வாசகரின் டயருக்கு வருவோம். ரப்பர் சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்திருக்கிறது. காலப்போக்கில் ஆக்சிஜனும் வெயிலும் சேர்ந்து பிணைப்புகளை இன்னும் கூட்டுகின்றன; மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்களும் மெல்ல வெளியேறுகின்றன. ரப்பர் விறைக்கிறது. விறைத்த ரப்பர் ஜல்லியின் பெரிய மேடுகள் மேல் உட்காரும், நுண்ணிய மேடுகளுக்குள் இறங்காது. அந்த அடுக்குகளின் பிடி முழுக்க இழப்பு. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் இத்தகைய வேதிவினை ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் ஊர் மே மாதத் தார்ச்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

குறைவாக ஓடுவதும் காப்பு அல்ல. காற்றிலுள்ள ஓசோன் வாயுவால் ரப்பரில் விரிசல் விழுவதைத் தடுக்க டயர் ரப்பரில் ஒரு மெழுகு கலந்திருப்பார்கள். டயர் ஓடிக் கசங்கும்போதுதான் அது மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படியும். வாரம் முழுக்க வெயிலில் நிற்கும் காருக்கு அந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைப்பதில்லை. பக்கச்சுவரில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் இதுதான் காரணம்.

டயரின் வயது அதன் பக்கச்சுவரிலேயே இருக்கிறது. நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து ஆண்டு ஆனதும் வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்வதும், பத்து ஆண்டைத் தாண்டவே கூடாது என்பதும் டயர் நிறுவனங்கள் வழக்கமாகத் தரும் அறிவுரை. சில கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்கின்றன. வெயிலில் நிற்கும் சென்னைக் காருக்கு அந்த ஆறுதான் சரி என்பது என் கருத்து. பழைய டயர் வாங்குகிறவர்கள் பட்டனைப் பார்ப்பதற்கு முன் இந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள்.

இனி தண்ணீர். டயரின் ஒவ்வொரு பகுதியும் 80 கி.மீ. வேகத்தில் தரையைத் தொட்டிருப்பது நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம். அதற்குள் தண்ணீரை ஒதுக்கிவிட்டு ஜல்லி முனையை எட்ட வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் தண்ணீருக்குப் போக இடம் உண்டு. பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமானால் ஆழம் 1.6 மி.மீ.தான் மிச்சம், சட்டப்படி கடைசி எல்லை. அதுவரை காத்திருக்காமல் 3 மி.மீ. வந்ததுமே, அதுவும் மழைக்காலத்துக்கு முன், மாற்றுவது நல்லது.

தண்ணீர் ஒதுங்காவிட்டால் டயர் அதன் மேல் ஏறிக்கொள்ளும். விமான டயர்களை வைத்து நாசாவில் வால்டர் ஹார்ன் குழு 1960-களில் கண்டுபிடித்த விதி எளிமையானது: டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆழமான தண்ணீரில் 33 பிஎஸ்ஐ இருந்தால் சுமார் 96 கி.மீ., 25 பிஎஸ்ஐ இருந்தால் சுமார் 83 கி.மீ. காருக்கு இது தோராயம்தான், ஆனால் திசை தெளிவு. "மழைக்குக் கொஞ்சம் காற்றைக் குறைச்சுக்கோங்க, கிரிப் வரும்" என்று பெட்ரோல் பங்கில் சொல்வதைக் கேட்காதீர்கள். காற்று குறைந்தால் சீக்கிரம் மிதக்கும். டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான், டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். மிதந்துவிட்டால் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். அப்போது பிரேக்கை மிதிக்காதீர்கள், திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து நேராகப் பிடித்திருங்கள்.

முதல் மழை வேறு வகை ஆபத்து. மாதக்கணக்கில் சிந்திய எண்ணெயும் ரப்பர்த் தூளும் புழுதியும் தூறலில் குழம்பாகி நுண்ணிய மேடுகளை அடைத்துவிடும். நன்றாகக் கொட்டினால் கழுவிப் போய்விடும். தூறலோடு நின்றால்தான் சிக்கல். பெயின்ட் அடித்த ஜீப்ரா கோடு, சாலையில் போட்டிருக்கும் இரும்புத் தகடு, மேம்பாலத்தின் இணைப்புப் பட்டை ஆகியவற்றுக்கு நுண்ணிய மேடே கிடையாது. கத்திப்பாரா மேம்பால வளைவில் வேகத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிது: 60 கி.மீ. வேகத்தில் பிடிப்புக் குணகம் 0.7 என்றால் பிரேக் பிடித்தபின் 20 மீட்டரில் நிற்கலாம். 0.4 ஆகிவிட்டால் 35 மீட்டர். ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ஸ்டியரிங்கைக் காப்பாற்றும். இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது.

ஆயுத பூஜையும் இந்தச் சமயத்தில்தான் வருகிறது. எலுமிச்சம்பழத்தை நான்கு டயருக்கும் அடியில் வைத்து நசுக்குகிறோம். டயருக்கு அதனால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. பூசணிக்காயைச் சாலை நடுவே உடைப்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. சதையும் விதையும் நசுங்கினால் ரப்பருக்கும் ஜல்லிக்கும் நடுவே கொழகொழப்பான படலம். காருக்கு நான்கு சக்கரம், தப்பித்துவிடும். பின்னால் வரும் பைக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உங்கள் வண்டியின் திருஷ்டி கழிய இன்னொருவர் கை கால் உடைய வேண்டுமா? வீட்டு வாசலில் ஓரமாக உடைத்து, உடனே அள்ளிவிடுங்கள்.

சாலையின் பிடியை அளக்கப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஊசல் சோதனைக் கருவி என்று ஒன்று உண்டு. நுனியில் ரப்பர் பட்டை வைத்த ஊசலை நனைத்த சாலையில் உரசவிட்டு, மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். ஏறாமல் போன உயரம்தான் ரப்பர் விழுங்கிய ஆற்றல். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் நம் மேம்பாலங்களையும் சிக்னல் சந்திப்புகளையும் பொறியியல் கல்லூரி மாணவர்களை வைத்து இப்படி அளந்து, எண்களைப் பொதுவில் வைக்கலாம். குரோம்பேட்டை எம்ஐடியில் ரப்பர் தொழில்நுட்பத் துறையே இருக்கிறது. இதுபோன்ற எளிய, சலிப்பான அளவீடுகளுக்குப் பணம் ஒதுக்குவதுதான் விபத்தைக் குறைக்கும் ஆராய்ச்சி. ஐரோப்பாவில் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் ஈ வரை மதிப்பெண் போட்டு டயரோடு ஒட்டி விற்கிறார்கள். கடையில் "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்று கேட்கும் நாம் "மழையில் எப்படிப் பிடிக்கும்?" என்றும் கேட்கத் தொடங்கினால் அந்த மதிப்பெண் இங்கேயும் தானாகக் கண்ணுக்கு வரும்.

மடிப்பாக்கம் நண்பருக்கு இன்னும் இரண்டு விஷயம். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாமல் இரண்டு மட்டும் வாங்கினால், புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். பல கடைகளில் பழக்கத்தால் முன்னால் போடுவார்கள். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் வசத்துக்கு வரும். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், நம்மில் பெரும்பாலோரால் அதைத் திருத்த முடியாது. அப்புறம், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். ஒரு நாள்கூட ஓடாவிட்டாலும் அதற்கும் அதே ஏழு வயதுதான்.